கால் நீட்டும் தவளை

அந்தக் காலத்தில் மனிதர்களும் விலங்குகளும் ஒரே பேச்சைப் பேசினார்கள். வழி தவறினால் அணிலிடம் கேட்கலாம். தேனடை காலியாக இருந்தால் கரடியிடம் சண்டைக்குப் போகலாம். அப்போது தெற்கு மலையில் நெடும்பிளவு என்று ஒரு இடம் இருந்தது. மலையை யாரோ கோடரியால் ஒரே வெட்டில் பிளந்து போட்டதுபோல இருக்கும். இரண்டு பக்கமும் கரும்பாறைச் சுவர். சுவருக்கு நடுவே ஆறு. உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் வானம் ஒரு முழத் துணியைக் கிழித்துப் போட்டதுபோலத் தெரியும்.

மேல்மலை ஊரிலிருந்து அடிவாரத்துக்குப் போக அந்தப் பிளவை விட்டால் வேறு வழி கிடையாது. தேனும் குங்கிலியமும் அதன் வழியாகத்தான் கீழே இறங்கின. உப்பும் துணியும் அதன் வழியாகத்தான் மேலே ஏறின. வழி என்றால் பாதை என்று நினைத்துவிடக் கூடாது. உருண்டைப் பாறைகளில் தாவ வேண்டும். இடுக்குகளில் உடம்பை ஒருக்களித்து நுழைய வேண்டும். மடு வந்தால் நீந்த வேண்டும். மூட்டைகளை மூங்கில் தெப்பத்தில் கட்டி, அதைத் தள்ளிக்கொண்டே நீந்துவார்கள். ஒவ்வொரு மடுவுக்கும் ஒரு பேர் உண்டு. ஆனைமடு, பாசிமடு, கண்ணாடிமடு என்று சொல்லிக்கொண்டு போவார்கள். கோடையில் அந்தத் தண்ணீரில் இறங்கினால் பல் கிட்டிப்போகும். ஆனாலும் கரையேற மனசு வராது.

அந்த வழியில் பயம் என்று இருந்தது ஒன்றுதான். மழை பிளவுக்குள் பெய்யாது. வெகு தொலைவில் உச்சிமலையில் பெய்யும். மடுவில் குளித்துக்கொண்டிருப்பவன் தலைக்கு மேலே வெயிலைப் பார்ப்பான், நீல வானத்தைப் பார்ப்பான். அதே நேரத்தில் மேலே காட்டாற்று வெள்ளம் புறப்பட்டிருக்கும். பிளவுக்குள் அது நுழைந்துவிட்டால் ஒதுங்க இடம் கிடையாது. சுவரில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில திட்டுகள் உண்டு. முன்கூட்டியே தெரிந்தால் அவற்றில் ஏறித் தப்பிக்கலாம்.

அதற்காகத்தான் பிளவின் வாயில் ஓடைத் தவளை காவல் இருந்தது.

அதன் உடம்பு கட்டைவிரல் அளவுதான். குரலோ பறை அடித்ததுபோல இருக்கும். பிளவின் தலைமாட்டில் துருத்திக்கொண்டிருந்த பாறையில் உட்கார்ந்து அது உச்சிமலையையே பார்த்துக்கொண்டிருக்கும். அங்கே வானம் கறுத்து, ஆற்றில் முதல் நுரை வந்ததும் தொண்டையை உப்பிக் கூப்பிடும். அந்தச் சத்தம் சுவரில் மோதி மோதி அடிவாரம் வரைக்கும் போகும். அதைக் கேட்டால் மனிதர்கள் மூட்டையைப் போட்டுவிட்டுத் திட்டில் ஏறுவார்கள். நீர்நாய் குட்டிகளைக் கவ்விக்கொண்டு ஏறும். பாம்புகூட ஏறும். தவளை காவலுக்கு வந்த பிறகு வெள்ளத்தில் ஓர் உயிர் போனது கிடையாது. மனிதர்கள் அதைக் காவக்காரரே என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள். பிளவில் இறங்குமுன் ஓர் இலையில் ஈசலோ கொசுவோ கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் இறங்குவார்கள்.

அந்த ஊரில் ஆட்களைப் பிளவு வழியாகக் கூட்டிக்கொண்டு போவதற்கு இரண்டு பேர் இருந்தார்கள். அண்ணன் தம்பி. அண்ணன் பேர் முடியன். தம்பி பேர் பூதன்.

முடியன் நிதானம். பாறையைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த ஆளை வரச்சொல்லுவான். பூதன் அண்ணனைவிட வேகம், அண்ணனைவிட நன்றாக நீந்துவான். எந்த மடுவின் அடியில் எந்தப் பாறை கிடக்கிறது என்பது அவனுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். ஒரு வருஷம் அவன் ஒரு கூட்டத்தை அவசரமாகக் கூட்டிக்கொண்டு போனான். இருட்டுமுன் அடிவாரம் சேர்ந்துவிட வேண்டும் என்பது அவன் எண்ணம். ஆனைமடுவில் பின்தங்கிய ஒரு தேன்காரரை அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்கு நீச்சல் அரைகுறை. தெப்பம் கைநழுவி, மூழ்கிப் போனார். பூதன் முங்கி முங்கித் தேடி, கடைசியில் அவனேதான் உடலைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

ஊர் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு யாரும் அவனோடு இறங்கவில்லை.

பிளவின் வாயில் ஆட்கள் மூட்டையோடு உட்கார்ந்திருப்பார்கள். பூதன் போய், "வாங்க, நான் கூட்டிக்கிட்டுப் போறேன். பொழுது ஏறுது" என்பான்.

"இருக்கட்டும் மக்கா," என்பாள் ஒருத்தி. "முடியன் வந்துரட்டும். எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல."

அன்பாகத்தான் சொல்லுவார்கள். அந்த அன்புதான் அவனைக் குத்தியது. யாராவது ஒருத்தர் கையை நீட்டி, நீ கொன்னவன்தானே என்று கேட்டிருந்தால் அவனுக்கு அழுவதற்காவது ஒரு வழி இருந்திருக்கும்.

ஆள் இல்லாத வழிகாட்டிக்கு வேலை இல்லை. அவன் பகலெல்லாம் பிளவின் வாயில் சும்மா உட்கார்ந்திருந்தான். தவளையும் அங்கேயே உட்கார்ந்திருந்தது. அப்படித்தான் இரண்டு பேருக்கும் பேச்சு ஆரம்பித்தது.

அந்த வருஷம் கோடை பொல்லாத கோடை. தவளையின் பெண்டாட்டி பாறைக்குழி ஒன்றில் முட்டையிட்டிருந்தாள். முட்டை பொரிந்து தலைப்பிரட்டைகள் வாலை ஆட்டத் தொடங்கிய சமயத்தில் அவளைத் தண்ணீர்ப்பாம்பு விழுங்கிவிட்டது. குஞ்சுகளைப் பார்த்துக்கொள்ளத் தகப்பன் மட்டும்தான். குழியோ ஆற்றிலிருந்து வெகு உயரத்தில் இருந்தது. வெயில் அதில் இருந்த தண்ணீரைக் குடித்துக்கொண்டே வந்தது. ஆற்றில் விட்டால் மீன் தின்றுவிடும். குழியில் விட்டால் காய்ந்துவிடும்.

தவளை தன் தோலில் ஒட்டிவந்த ஈரத்தைக் குழியில் உதறிவிட்டுப் போவதைப் பூதன் ஒருநாள் பார்த்தான்.

"காவக்காரரே, என்ன செய்யுதீரு?"

"பிள்ளையளுக்குத் தண்ணி கொண்டாறேன்."

"இப்படிக் கொண்டாந்தா எப்ப நிறையும்?"

தவளை மறுபடி ஆற்றுப் பக்கம் தாவியது. பூதன் எழுந்தான். ஒரு தேக்கிலையைப் பறித்துத் தொன்னையாக மடித்துக்கொண்டு ஆற்றுக்கு இறங்கினான். தண்ணீர் மொண்டு, வாயால் இலையைக் கவ்விக்கொண்டு, சுவரில் விரல் கொடுத்து ஏறி வந்து குழியில் ஊற்றினான். தலைப்பிரட்டைகள் அந்த நீரில் துள்ளி ஓடின. பூதன் சிரித்தான். அவன் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

கோடை முடியும்வரை அவன் அதைச் செய்தான். காலையில் ஊற்றுவான். உச்சிவெயிலுக்குள் பாதி வற்றிவிடும். மறுபடி ஊற்றுவான். யாரும் அவனைச் செய்யச் சொல்லவில்லை. அவனும் எதையும் கேட்கவில்லை. தலைப்பிரட்டைகள் அவன் நிழல் விழுந்தால் ஒதுங்காமல் மேலே வந்தன. சிலவற்றுக்குப் பின்னங்கால் முளைக்கத் தொடங்கியது.

கோடையின் கடைசியில் உச்சிமலையில் மேகம் கூடியது. மறுநாள் முடியன் ஒரு கூட்டத்தோடு கீழே இறங்குவதாக இருந்தான். அன்று மாலை பூதன் வழக்கம்போலத் தண்ணீர் ஊற்றிவிட்டுத் தவளையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பிறகு சொன்னான்:

"நாளைக்கு அண்ணன் இறங்குதான்."

"தெரியும். மேல கறுத்துக்கிட்டு வருது. நான் பாத்துக்கிடுதேன்."

"பாக்கணும். ஆனா நுரை வந்த உடனே கூப்பிடாண்டாம்."

தவளை திரும்பி அவன் முகத்தைப் பார்த்தது. "என்ன சொல்லுத நீ?"

"கொஞ்சம் தாமசமாக் கூப்பிடும். அவ்வளவுதான். கோடமழைத் தண்ணி எவ்வளவு வந்துரும்? முட்டளவு வரும். அண்ணன் எப்பவும் பாசிமடுவுலதான் இளைப்பாறுவான். அங்கன கையெட்டுற தூரத்துல திட்டு இருக்கு. ஏறிருவாங்க. தெப்பம் போகும், தேன் போகும். உசிரு போவாது."

"எதுக்கு?"

பூதன் ஆற்றைப் பார்த்தபடியே பேசினான். "அவன் கூட்டிக்கிட்டுப் போனாலும் ஆத்துல கெடுதல் வரும்னு ஊரு ஒரு தடவை பாக்கட்டும். ஒரே தடவை. அதுக்குப் பெறகு எங்கூட ஒருத்தராவது இறங்குவாங்க."

"எங் காவல்ல அப்படி நடக்காது பூதா. எந்திரிச்சிப் போ."

பூதன் எழுந்திருக்கவில்லை. அவன் கைவிரல்களில் சுவரைப் பற்றி ஏறிய காயங்கள் இருந்தன. புதுக்காயம், பழைய காயம், ஆறி வெடித்த காயம். அவற்றைத் தடவிக்கொண்டே மெதுவாகச் சொன்னான்:

"இத்தனை நாளா நான் உம்மகிட்ட எதையாவது கேட்டிருக்கேனா?"

தவளை குழியைப் பார்த்தது. அந்தி வெளிச்சத்தில் தலைப்பிரட்டைகள் சுற்றிச் சுற்றி வந்தன. அவ்வளவும் உயிரோடு இருந்தன. இந்த ஆள் இல்லாவிட்டால் அவ்வளவும் பாறையில் கறையாகக் காய்ந்து போயிருக்கும். தவளை சரி என்று சொல்லவில்லை. முடியாது என்று மறுபடி சொல்லவும் அதற்கு வாய் வரவில்லை. பூதன் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு எழுந்து போனான்.

மறுநாள் விடிந்ததும் முடியன் ஆட்களோடு வந்தான். தேன்காரர்கள், குங்கிலியம் சுமப்பவர்கள், இரண்டு மூன்று பெண்கள். முடியனின் பெண்டாட்டி மயிலியும் வந்திருந்தாள். அடிவாரத்தில் அவள் தங்கைக்குக் குழந்தை பிறந்திருந்தது, பார்க்கப் போகிறாள். அவள் இலைப் பொதியைப் பிரித்துத் தவளையின் முன் வைத்தாள். முந்தின நாள் மழை வாசத்துக்குப் புற்றிலிருந்து கிளம்பிய ஈசல்.

"இந்தாங்க காவக்காரரே. ராத்திரி பிடிச்சது, இன்னும் துடிக்குது பாருங்க."

தவளை ஈசலைப் பார்த்தது. நாக்கை நீட்டவில்லை.

முடியன் உச்சிமலைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். "காவக்காரரே, மேல ரொம்பக் கறுத்திருக்கு. இன்னைக்குப் போகவா, நாளைக்குப் போகவா? நீங்க சொல்லுங்க. உங்க வார்த்தைதான்."

தவளை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பியிருப்பார்கள். சற்றுத் தள்ளி, புன்னை மரத்தடியில் பூதன் நின்றிருந்தான். அவன் இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. குழியில் தண்ணீர் மின்னியது. விடியுமுன்பே வந்து நிறைத்துவிட்டிருந்தான்.

"நான் இருக்கேன்லா," என்றது தவளை. "போங்க."

அவர்கள் இறங்கினார்கள்.

அன்று பிளவுக்குள் அப்படி ஒரு வெயில். பாறைகள் காலைச் சுட்டன. ஆனைமடுவைக் கடக்கும்போது எப்போதும்போல எல்லாரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அதைத் தாண்டியதும் மறுபடி சிரிப்பும் சத்தமும் தொடங்கிவிட்டன. பாசிமடு வந்தது. ஆனால் கோடையில் அது வற்றிப்போய், பாசி அழுகி நாற்றம் அடித்தது. பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

"இங்க எப்படி உக்காருறது?" என்றாள் மயிலி. "கண்ணாடிமடுவுக்குப் போயிரலாம். தண்ணி தெளிவா இருக்கும். ஒரு முங்கு முங்கிட்டுச் சாப்பிடலாம்."

முடியன் கொஞ்சம் யோசித்தான். கண்ணாடிமடுவின் சுவர்கள் பேருக்கேற்றபடி வழுவழுவென்று இருக்கும். கையெட்டுகிற திட்டு அங்கே கிடையாது. ஆனால் மேலே காவக்காரர் இருக்கிறார். அவர் கூப்பிட்டால் திரும்பிவந்து பாசிமடுத் திட்டில் ஏறப் போதுமான நேரம் இருக்கும். "சரி, வாங்க" என்றான்.

கண்ணாடிமடுவில் தண்ணீர் அடிமணல் வரைக்கும் தெரிந்தது. தெப்பங்களைக் கரையில் கட்டிவிட்டு ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமும் இறங்கினார்கள். மயிலி மல்லாந்து மிதந்தாள். சுவருக்கு மேலே வானம் ஒரு கீற்றாக, ஒரு மேகமும் இல்லாமல் இருந்தது.

மேலே பிளவின் வாயில் முதல் நுரை வந்தது.

தவளை தொண்டையை உப்பியது. பூதன் அதன் பக்கத்தில் குந்தியிருந்தான். "இன்னும் கொஞ்சம்" என்றான்.

தண்ணீர் கலங்கியது. சருகும் சுள்ளியும் வந்தன. சேற்று வாடை அடித்தது.

"பூதா, போதும்."

"இன்னும் கொஞ்சம். பாசிமடுவுல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருப்பாங்க. ஏறிருவாங்க."

பிறகு மலை உறுமியது. பூதன் எழுந்து நின்றான். ஆற்றின் வளைவில் முதலில் வந்தது தண்ணீர் அல்ல, மரங்கள். வேரோடு பிடுங்கிய மரங்கள், அவற்றின் இடையே பாறைகள் உருளும் ஓசை, அதற்குப் பின்னால் ஆள் உயரம் அல்ல, பனை உயரத்துக்குச் செம்மண் நிறத்தில் ஒரு சுவர். கோடை முழுக்கத் தேங்கியிருந்த மழை எல்லாம் ஒரே பொழுதில் உச்சிமலையில் கொட்டியிருந்தது.

பூதனின் உதடு வெளுத்துவிட்டது. "இது முட்டளவு இல்லியே," என்றான். யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல் சொன்னான். உடனே தவளையைப் பார்த்துக் கத்தினான்: "கூப்பிடும்! கூப்பிடும்வே!"

கத்திக்கொண்டே அவன் பிளவுக்குள் ஓடினான்.

தவளை கூப்பிட்டது. பிறந்ததிலிருந்து அப்படி ஒரு குரலில் அது கூப்பிட்டதில்லை. ஆனால் வெள்ளத்தின் இரைச்சல் அந்தக் குரலுக்கு முன்னாலேயே பிளவுக்குள் நுழைந்துவிட்டது. தவளை காவல்பாறையை விட்டுக் கீழே குதித்தது. சுவரிலிருந்து சுவருக்குத் தாவி, ஒவ்வொரு தாவலிலும் ஒரு கூப்பாடு போட்டுக்கொண்டு வெள்ளத்துக்கு முன்னால் ஓடியது.

கண்ணாடிமடுவில் முடியன் தலையைத் தூக்கினான். "ஏதோ கேட்டுதா?"

"இல்லியே," என்றாள் மயிலி.

முடியன் தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்தான். அதில் ஒரு சருகு கிடந்தது. அவன் சட்டென்று நிமிர்ந்தபோது பூதன் பாறைக்குப் பாறை தாவி வருவது தெரிந்தது. வேறு எந்த மனிதனும் அந்தப் பிளவில் அப்படி ஓடியிருக்க முடியாது. முழங்கால் கிழிந்து ரத்தம் கொட்டியது. "ஏறுங்க! ஏறுங்க!" என்று அலறிக்கொண்டு வந்தான்.

ஏற இடம் இல்லை. ஆட்கள் சுவரில் கைவைத்தார்கள், கை வழுக்கியது. முடியன் ஒவ்வொருவராகத் தோளில் தூக்கி உயர்த்தப் பார்த்தான். அதற்குள் வெள்ளம் வளைவைத் தாண்டிவிட்டது. பூதன் தண்ணீருக்குள் பாய்ந்து அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்தான்.

முடியனின் முகத்தில் அந்த நேரத்திலும் ஒரு தெளிவு வந்தது. "பூதா, வந்துட்டியா!" என்றான்.

பூதன் எதையோ சொல்ல வாய் திறந்தான். மரங்கள் அவர்கள்மேல் வந்து விழுந்தன. பிறகு அங்கே அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை.

மயிலி இதை எல்லாம் பார்த்தாள். அவளைத் தண்ணீர் சுழற்றி ஒரு பாறை முனையில் அடித்தது. அதைக் கட்டிக்கொண்டாள். கண்ணெல்லாம் சேறு. காதில் இரைச்சலைத் தவிர எதுவும் இல்லை. தண்ணீர் மார்புக்கு வந்தது, கழுத்துக்கு வந்தது. விட்டுவிடலாம் என்று அவள் நினைத்த அந்தக் கணத்தில் முகத்துக்கு நேரே சுவரில் தவளை வந்து ஒட்டியது.

அது வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தது. தொண்டை வெளுப்பாக உப்பி உப்பி அடங்கியது. வாயோரம் ரத்தம் கசிந்தது. வழியெல்லாம் கத்தி அதன் தொண்டை உள்ளே கிழிந்துபோயிருந்தது. மயிலி அதையே பார்த்தாள். தவளை சுற்றும் முற்றும் பார்த்தது. பிறகு சுவரில் முன்னங்கால்களை ஊன்றிக்கொண்டு, ஒரு பின்னங்காலை முழு நீளத்துக்கும் நீட்டி, விரல்களை விரித்து மேலே காட்டியது. மடக்கியது. மறுபடி நீட்டிக் காட்டியது.

மயிலி அந்தக் கால் காட்டிய பக்கம் பார்த்தாள். பெரணிச் செடிகளுக்குப் பின்னால் சுவரில் ஒரு வெடிப்பு இருந்தது. கீழே நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. தண்ணீர் அவ்வளவு உயரம் அவளைத் தூக்கியதால்தான் தெரிந்தது. அதற்குள் விரலை விட்டாள். கையை விட்டாள். உடம்பை இழுத்துக்கொண்டு உள்ளே ஏறினாள்.

அன்று கண்ணாடிமடுவில் இறங்கியவர்களில் உயிரோடு கரையேறியது அவள் ஒருத்திதான்.

தண்ணீர் வடிந்த பிறகு மயிலி பிளவு வழியாக மேலே நடந்தாள். ஆனைமடு மணலால் தூர்ந்து கிடந்தது. தெப்பத்தின் மூங்கில்கள் சுவரில் ஆள் எட்டாத உயரத்தில் செருகி நின்றன. காவல்பாறைக்கு வந்தபோது தவளை அங்கே உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் பாறைக்குழி வெள்ளச் சாரலால் விளிம்பு தட்ட நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. தலைப்பிரட்டைகள் குதியாட்டம் போட்டன.

மயிலி அதன் முன்னால் உட்கார்ந்தாள். அவள் அழவில்லை.

"என்னைக் காப்பாத்துனீங்க. அது எனக்குத் தெரியும்," என்றாள். "ஆனா ஏன் முன்னாலேயே கூப்பிடல?"

தவளையின் தொண்டை உப்பியது.

"தூங்கிட்டீங்களா? உடம்புக்கு நோக்காடா? என் வீட்டுக்காரர் உங்ககிட்ட கேட்டுட்டுத்தான இறங்குனாரு? போங்கன்னு சொன்னீங்களே! அந்த வாயாலதான சொன்னீங்க?"

தவளை சொல்லத்தான் பார்த்தது. தேக்கிலைத் தண்ணீரைப் பற்றி, புண்ணான விரல்களைப் பற்றி, இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் என்று காதில் விழுந்த சொல்லைப் பற்றி. தொண்டை உப்பி உப்பி அடங்கியது. கடைசியில் அதனிடம் மிச்சம் இருந்ததைச் செய்தது. பின்னங்காலை நீட்டி விரித்துக் காட்டியது.

"இதுக்கு என்ன அர்த்தம்?" என்றாள் மயிலி. காத்திருந்து பார்த்தாள். அது மறுபடி காலைத்தான் நீட்டியது. அவள் எழுந்து ஊருக்குப் போனாள்.

ஊரில் அவள் கண்டதைச் சொன்னாள். காவக்காரர் போங்க என்று அனுப்பினார், கூப்பிடவில்லை. கொழுந்தன்தான் உயிரை மதிக்காமல் ஓடிவந்தார், அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டே போனார். அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஊர் கேட்டு அழுதது. இத்தனை காலம் அவனோடு இறங்காமல் இருந்துவிட்டோமே என்று நெஞ்சில் அடித்துக்கொண்டது. பிளவின் வாயில் பூதனுக்கு ஒரு கல் நட்டு மஞ்சள் பூசினார்கள். முடியனுக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து ஆற்றில் பூவை விட்டார்கள்.

கல் நட்ட அன்று ஒருவன் தவளையைப் பார்த்துப் பாறைத்துண்டை எடுத்தான். மயிலி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "அடிக்காண்டாம். ஆனா இனி இதுகிட்ட யாரும் எதையும் கேக்காண்டாம்" என்றாள். அதோடு தவளைக்கும் மனிதர்களுக்கும் பேச்சு நின்றது. மெதுமெதுவாக மற்ற விலங்குகளுக்கும் மனிதர்களுக்கும் இடையிலேயே பேச்சு குறைந்துபோயிற்று. யாரை நம்பிப் பேசுவது என்று இரண்டு பக்கத்தாரும் நினைத்தார்கள்.

தவளை காவல்பாறையை விட்டு இறங்கி, அருவிச் சாரல் படுகிற ஈரப்பாறைகளில் போய் ஒண்டிக்கொண்டது. அங்கிருந்து பூதனின் கல் தெரியும். பிளவில் இறங்குகிறவர்கள் அதற்கு முதலில் தண்ணீர் ஊற்றுவார்கள். மயிலி வந்தால் இரண்டு கையாலும் அள்ளி அள்ளி ஊற்றிக் கும்பிடுவாள். தவளை ஒவ்வொரு தடவையும் தொண்டையை உப்பும், காலை நீட்டும். யாரும் அந்தப் பக்கம் திரும்பமாட்டார்கள்.

பாறைக்குழியில் தலைப்பிரட்டைகளுக்கு முன்னங்காலும் முளைத்தது, வால் உதிர்ந்தது. அவை வெளியே வந்து தகப்பனைச் சுற்றி உட்கார்ந்தன. தகப்பன் கூப்பிடுவதை அவை ஒருநாளும் கேட்டதில்லை. அவை பார்த்தது எல்லாம் உச்சிமலை கறுக்கும்போது அது பதறி எழுந்து காலை நீட்டுவதைத்தான். அதனால் அவையும் நீட்டின. அவற்றின் பிள்ளைகளும் நீட்டின.

அன்று தொடங்கியதுதான் இது. மலை ஓடைகளில் அருவிக்குப் பக்கத்து ஈரப்பாறையில் கட்டைவிரல் அளவுத் தவளை ஒன்று இன்றைக்கும் தொண்டையை வெள்ளையாக உப்பிக்கொண்டு பின்னங்காலை நீட்டி நீட்டிக் காட்டுகிறது. குளிக்க வருகிறவர்கள், தவளை ஆடுது பாரு என்று ஒருவருக்கொருவர் காட்டிச் சிரித்துவிட்டுத் தண்ணீரில் இறங்குகிறார்கள்.